பிழிஞ்சு எடுக்க அங்க ஒண்ணும் இல்லைங்க

"உடற்பயிற்சி முடிஞ்சதும் தசைக்குள்ள லாக்டிக் ஆசிட் தேங்கி நிக்கும். அதை நல்லா அழுத்திப் பிழிஞ்சு வெளியேத்தலைன்னா மறுநாள் எழுந்திருக்கவே முடியாது."

இந்த வசனத்தை இந்த மாசம் மட்டும் மூணு ரீல்ஸ்ல கேட்டுட்டேன். ஒருத்தர் ஜிம் டிரெய்னர். ஒருத்தர் மசாஜ் கன் விக்கிறவர். மூணாவது ஆள் கழுத்துல ஸ்டெதஸ்கோப் மாட்டியிருந்தார். அந்த மூணாவது ஆளாலதான் இந்த இழை.

கொஞ்சம் நீளமாப் போகும். வீட்ல கபடி ஆடுற பையனோ, போலீஸ் தேர்வுக்கு ஓடுற தம்பியோ, நாப்பது வயசுல திடீர்னு மாரத்தான் பித்துப் பிடிச்ச மாமாவோ இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் மசாஜுக்கு எதிரி இல்லை. ஞாயித்துக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சு வளர்ந்த உடம்புதான் இதுவும். என் சண்டை மசாஜோட இல்லை, மசாஜைப் பத்திச் சொல்ற பொய்யோட. அந்தப் பொய் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய ஆளை மசாஜ் மேசையில படுக்க வைக்குது. அதுதான் பிரச்சனை.

ஒரு பையனோட கதை. ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.

22 வயசு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிட்டு இருந்தான். எழுத்துத் தேர்வு முடியுற வரைக்கும் புத்தகமும் கையுமா உக்காந்த இடத்துலயே இருந்தவன். அடுத்து உடல்திறன் தேர்வு. ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடி முடிக்கணும், கயிறு ஏறணும். அவசர அவசரமா ஒரு பயிற்சி மையத்துல சேர்ந்தான்.

முதல் நாளே லேட். தண்டனை 300 தோப்புக்கரணம். முடிச்சான். முடிக்காம விட்டா மானம் போயிடும்னு முடிச்சான்.

மறுநாள் காலையில மாடிப்படி இறங்க முடியலை. தொடை ரெண்டும் கல்லு மாதிரி. பயிற்சியாளர்கிட்ட சொல்லியிருக்கான். "லாக்டிக் ஆசிட் கட்டியிருக்கு. உருவி விட்டா போயிடும்." சூடு பண்ணின எண்ணெய், சீனியர் பசங்க ரெண்டு பேர். ஒருத்தன் தோளைப் பிடிச்சுக்க, இன்னொருத்தன் முழங்கையால தொடையை அழுத்தி உருவியிருக்கான். இவன் துண்டைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு அவனுக்குச் சொல்லியிருந்தாங்க.

ரெண்டாம் நாள் வலி கூடிச்சு. மறுபடியும் உருவினாங்க. மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிப் போட்டான்.

மூணாம் நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போச்சு. "உடம்பு சூடு"ன்னு நினைச்சுக்கிட்டு இளநீர் வாங்கிக் குடிச்சான், ஒண்ணு இல்லை, மூணு. நாலாம் நாள் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து அவங்க அம்மா ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க.

சிகே-ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. தசை உடைஞ்சா ரத்தத்துல கலக்கிற ஒரு நொதியோட அளவு. சாதாரணமா 200 பக்கம் இருக்கும். இவனுக்கு 80,000-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் பாதி வேலையை நிறுத்தியிருந்தது.

இதுக்குப் பேர் ராப்டோமயோலிசிஸ். தசை நார்கள் உடைஞ்சு, உள்ள இருக்கிற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து, சிறுநீரகத்துல போய் அடைக்கும். கூடவே பொட்டாசியமும் வெளிய கொட்டும். பொட்டாசியம் எகிறினா இதயத் துடிப்பு தாறுமாறாப் போய் நின்னே போகலாம். இளநீர்ல பொட்டாசியம் ஏகப்பட்டது இருக்கு. சிறுநீரகம் நல்லா இருக்கிறவருக்கு அது அமிர்தம். இந்த நிலைமையில இருக்கிறவருக்கு விஷம்னே சொல்லலாம். வலி மாத்திரை தன் பங்குக்குச் சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைச்சிருக்கும்.

ஒன்பது நாள் படுக்கையில இருந்தான். பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்தி, மணிக்கணக்குல சிறுநீரை அளந்து, டயாலிசிஸ் வரைக்கும் போகாம தப்பிச்சான். அந்த வருஷத் தேர்வு போச்சு.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். அவன் தசையை உடைச்சது மசாஜ் இல்லை. பழக்கமே இல்லாத உடம்புல ஒரே நாள்ல போட்ட 300 தோப்புக்கரணம். மசாஜ் பண்ணினது ரெண்டு காரியம்: ஏற்கனவே உடைஞ்சிட்டு இருந்த தசையை மேல மேல நசுக்கினது ஒண்ணு, ரெண்டு நாளைத் தின்னது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பெரிய குற்றமாப் படுது. முதல் நாளே வந்திருந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிருப்பான்.

அந்த ரெண்டு நாளைத் தின்னது "லாக்டிக் ஆசிட்"ங்கிற அந்த ஒரு வார்த்தை. அதனால அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

லாக்டிக் ஆசிட்டுக்கு இந்தக் கெட்ட பேர் வந்து நூறு வருஷம் ஆச்சு. 1922-ஆம் வருஷத்து மருத்துவ நோபல் ஆர்ச்சிபால்ட் ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் ரெண்டு பேருக்கும் போச்சு. தசையில உண்டாகிற வெப்பம், ஆக்ஸிஜன், லாக்டிக் ஆசிட் இதெல்லாம் எப்படித் தொடர்பா இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க. அவங்க வேலை பெரிய வேலை. அதுல இருந்து "லாக்டிக் ஆசிட்தான் சோர்வுக்குக் காரணம், அது கழிவு"ன்னு ஒரு சுருக்கம் பாடப் புத்தகத்துக்குள்ள புகுந்து, இன்னும் வெளிய வரலை. நானும் அப்படிப் படிச்சவன்தான்.

அப்புறம் கலிஃபோர்னியாவுல ஜார்ஜ் ப்ரூக்ஸ்னு ஒருத்தர் 1980-கள்ல இருந்து வேற படம் காட்டினார். லாக்டேட் கழிவே இல்லை, எரிபொருள். ஒரு தசை உண்டாக்குறதைப் பக்கத்துத் தசை எடுத்து எரிக்குது. இதயம் விரும்பிச் சாப்பிடுது. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸா மாத்துது. அதைத் தூக்கிக் குப்பையில போடணும்னு சொல்றது, அடுப்புல பாதி எரிஞ்ச விறகைத் தெருவுல வீசறதுக்குச் சமம்.

முக்கியமான விஷயம் நேரம். எவ்வளவு கடுமையா ஓடினாலும், சும்மா உக்காந்திருந்தாலே ரத்தத்துல லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல பழைய நிலைக்கு வந்துடும். மெதுவா நடந்துக்கிட்டு இருந்தா இன்னும் சீக்கிரம். ஆனா உங்களுக்கு வலி எப்ப வருது? மறுநாள். உச்சம் எப்ப? 24-ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள. திருடன் நேத்து சாயங்காலமே ஊரை விட்டுப் போயிட்டான். நாம இன்னிக்குக் காலையில கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குள்ள தேடறோம்.

நம்பலையா? வெள்ளியங்கிரி ஏறின யாரையாவது கேளுங்க. ஏறும்போது மூச்சு முட்டும், நெஞ்சு அடிச்சுக்கும். லாக்டேட் ஏறுறது அப்பதான். இறங்கும்போது மூச்சு வாங்காது, ஆனா தொடை நடுங்கும். மறுநாள் படுக்கையில இருந்து எழவிடாம பண்றது அந்த இறக்கம்தான். தசை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்கும்போது நுண்ணிய சேதம் ஆகுது. உடம்பு அதைப் பழுது பார்க்கும்போது வர்ற அழற்சிதான் அந்த வலி.

இதை 1983-லயே டிரெட்மில்லுல வெச்சுப் பார்த்துட்டாங்க. சமதளத்துல ஓடினவங்களுக்கு லாக்டேட் ஏறிச்சு, மறுநாள் வலி இல்லை. சரிவுல இறங்கி ஓடினவங்களுக்கு லாக்டேட் ஏறலை, வலி வந்துச்சு. 40 வருஷத்துக்கு முந்தின செய்தி. நம்ம ரீல்ஸுக்கு இன்னும் வந்து சேரலை.

சரி, வாதத்துக்கு லாக்டேட் தேங்குதுன்னே வெச்சுக்குவோம். மசாஜ் அதை வெளியேத்துதா? கனடாவுல கிங்ஸ்டன் நகரத்துல இருக்கிற குயின்ஸ் பல்கலைக்கழகத்துல இதை நேரடியாவே அளந்தாங்க, 2010-ல வெளியாச்சு. கையால இறுக்கிப் பிடிச்சுக் கடுமையா வேலை செய்ய வெச்சு, பிறகு முன்கையை மசாஜ் பண்ணாங்க. சும்மா விட்ட கையை விட மசாஜ் பண்ணின கையில லாக்டேட் வெளியேறுறது மெதுவாச்சு. யோசிச்சா புரியும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ரத்தக் குழாயும் சேர்ந்துதானே நசுங்குது.

அப்ப மசாஜ் சுத்த வேஸ்ட்டா? இல்லை. இங்கதான் நம்ம பக்கத்து டாக்டர்கள் சிலரும் தப்புப் பண்றாங்க. லாக்டிக் ஆசிட் கதை பொய்னதும் மசாஜே ஏமாத்து வேலைன்னு எழுதிடறாங்க.

அதே கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 2012-ல ஒரு ஆய்வு. பசங்களைச் சைக்கிள் மிதிக்க விட்டு, களைச்சுப் போனதும் ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிஷம் மசாஜ். ரெண்டு தொடையில இருந்தும் துளி தசையை ஊசியால எடுத்துப் பார்த்தாங்க. லாக்டேட் அளவுல வித்தியாசம் இல்லை. ஆனா மசாஜ் பண்ணின தொடையில அழற்சிச் சமிக்ஞைகள் குறைவா இருந்துச்சு. மொத்தம் 11 பேர்தான். 11 பேரை வெச்சுக் கோயில் கட்ட முடியாது, ஆனாலும் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

2018-ல 99 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல்ல, ஐஸ் குளியல், இறுக்கமான உடை, ஸ்ட்ரெச்சிங் எல்லாத்தையும் விட வலியையும் சோர்வு உணர்வையும் குறைக்கிறதுல மசாஜ்தான் முன்னால நின்னுச்சு. 2020-ல இங்கிலாந்துல ஷெஃபீல்ட் குழு 29 ஆய்வுகளை, 1,012 பேரோட விவரங்களைத் திரட்டினாங்க. மறுநாள் வலி ஏறக்குறைய 13 சதவீதம் குறைஞ்சது. உடம்பு வளையுற தன்மை கொஞ்சம் கூடினது. பலம், வேகம், குதிக்கிற உயரம், தாக்குப்பிடிக்கிற சக்தி? எதுலயும் ஒரு மாற்றமும் இல்லை.

அவ்வளவுதான் மசாஜ். கொஞ்சம் வலி குறையும், மனசு லேசாகும், தூக்கம் வரும். காலைத் தடவிக் கொடுத்தா வலிச் செய்தி மூளைக்குப் போறது மட்டுப்படும், குழந்தை முட்டிக்கிட்டா நாம தேய்ச்சு விடறோமே, அதே சங்கதி. இதுக்காக ஒருத்தர் மசாஜ் எடுத்துக்கிட்டா நான் சந்தோஷப்படுவேன். "நச்சு நீங்கும், தசை சீக்கிரம் வளரும், அடுத்த மேட்ச்ல வேகம் கூடும்"னு காசு வாங்கினா அது பொய்.

எப்படிப் பண்ணணும்னு கேப்பீங்க. சொல்றேன்.

விளையாட்டோ பயிற்சியோ முடிஞ்சு, தண்ணி குடிச்சு, ஏதாவது சாப்பிட்டு, உடம்பு ஆறின பிறகு. அன்னிக்கே, ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள பண்ணினா நல்லது. எந்த எண்ணெய்னாலும் பரவாயில்லை, கை வழுக்கத்தான் எண்ணெய். அது தோல் வழியா இறங்கித் தசைக்கு ஊட்டம் கொடுக்கும்னு நினைக்காதீங்க.

முதல்ல உள்ளங்கையை முழுசாப் பதிச்சு, கணுக்காலில் இருந்து மேல் நோக்கி மெதுவா நீவணும். அஞ்சு நிமிஷம் இதுக்கே போகட்டும். அப்புறம் சப்பாத்தி மாவு பிசையிற மாதிரி கெண்டைக்கால், தொடைச் சதையைத் தூக்கிப் பிசையணும், எலும்போட சேர்த்து நசுக்கக் கூடாது. எங்கயாவது முடிச்சு மாதிரி இறுகியிருந்தா கட்டைவிரலால அந்த இடத்துல மட்டும் சின்ன வட்டமா. கடைசியில மறுபடியும் நீவல். மொத்தம் 20 நிமிஷம், மிஞ்சினா அரை மணி. விளிம்புல தட்டுறது, குத்துறது எல்லாம் விளையாடப் போறதுக்கு முன்னாடி உற்சாகத்துக்கு வேணா இருக்கட்டும், களைச்ச தசைக்கு வேண்டாம்.

அழுத்தம் எவ்வளவு? நான் சொல்ற கணக்கு இதுதான்: படுத்திருக்கிறவர் உங்களோட சாதாரணமாப் பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னு பல்லைக் கடிச்சா அழுத்தம் ஜாஸ்தி. மறுநாள் நீலம் பாரிச்சிருந்தா அது நல்ல மசாஜ் இல்லை, காயம். 2016 ரியோ ஒலிம்பிக்ல மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோள்ல கப்பிங் வட்டங்களைப் பார்த்துட்டு இங்க ஒரு கூட்டம் கிளம்பிச்சு. அவர் தங்கம் வாங்கினது நீச்சல்ல.

இப்ப ரெண்டாவது ஆபத்துக்கு வரேன். ஊர்ப்பக்கம் இதுதான் ரொம்ப சகஜம். ரத்தக்கட்டு.

கபடியில ரெய்டு போனவன் தொடையில, பிடிக்க வந்தவனோட முட்டி வந்து இடிக்கும். கால்பந்துலயும் இதே கதைதான். உள்ள தசை கிழிஞ்சு ரத்தம் கட்டும். "ரத்தக்கட்டு கரையணும்னா சூடா எண்ணெய் விட்டு நீவணும்"னு உடனே நாலு பேர் கிளம்பிடுவாங்க. தயவு செஞ்சு வேண்டாம். முதல் மூணு நாள் அந்த இடத்துல சூடும் வேண்டாம், நீவலும் வேண்டாம், அன்னிக்கு ராத்திரி சரக்கும் வேண்டாம். மூணுமே உள்ள ரத்தக் கசிவைக் கூட்டும்.

நீவி நீவி விட்டா இன்னொரு விபரீதமும் நடக்கலாம். அடிபட்ட தசை ஆறும்போது வழி தப்பி, சதைக்குள்ள எலும்பு வளர ஆரம்பிச்சுடும். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு பேர். கதை இல்லைங்க. அடிபட்டு மூணு நாலு வாரம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா தொடைச் சதைக்கு நடுவுல வெள்ளையாத் தெரியும். முட்டி மடங்காது. பெரும்பாலும் மாசக்கணக்குல தானா அடங்கும், ஆனா அந்த சீசன் அவ்வளவுதான். எங்கிட்ட வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மண்டல அளவுப் போட்டியை வெளியில உக்காந்து பார்த்தான். அவங்க அப்பாதான் பத்து நாள் உக்காந்து தினமும் நீவி விட்டிருக்கார், அவ்வளவு பாசமா. அவர்கிட்ட எக்ஸ்ரேவைக் காட்டி விளக்கினது எனக்கு லேசான வேலையா இல்லை.

அப்ப என்ன பண்ணணும்? தொடை முன்பக்கம் அடின்னா, வலி தாங்குற அளவுக்கு முட்டியை நல்லா மடக்கி, க்ரேப் பேண்டேஜால அந்த நிலையிலயே கட்டி, ஒரு நாள் வெச்சிருங்க. அமெரிக்கக் கடற்படை அகாடமியில அடிபட்ட உடனே முட்டியை 120 டிகிரி மடக்கி 24 மணி நேரம் கட்டி வெச்சுப் பார்த்தாங்க. சராசரியா நாலு நாளுக்குள்ள திரும்ப விளையாட வந்துட்டாங்க. துணியில சுத்தின ஐஸ், ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம். அப்புறம் மெதுவா அசைவு. இதுக்கு எண்ணெய்ச் செலவு கூட இல்லை.

தொடையோ காலோ டின்னு மாதிரி இறுகி, விரலை அசைச்சாலே உயிர் போற வலி, மரத்துப் போற உணர்வு இருந்தா அது வேற. தசை உறைக்குள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்னுட்டு இருக்கலாம். அதுக்கு மணிக்கணக்குலதான் அவகாசம். கட்டு, நீவல் எதுவும் பண்ணாம அறுவை சிகிச்சை வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மூணாவது, கெண்டைக்கால். மாரத்தான் ஓடிட்டு, தண்ணி சரியாக் குடிக்காம, ராத்திரி முழுக்கப் பஸ்ல காலைத் தொங்கப் போட்டுட்டு ஊர் திரும்புறீங்க. ரெண்டு நாள்ல ஒரு கால் மட்டும் வீங்குது, சூடா இருக்கு, கெண்டைக்கால் வலிக்குது. பயிற்சி வலி பெரும்பாலும் ரெண்டு காலுக்கும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கினா ஆழத்துல இருக்கிற சிரையில ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்த்தே ஆகணும். அதைப் போட்டு உருவினா அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைச்சிடலாம், அப்படி நடந்து மருத்துவ இதழ்கள்ல பதிவாகியும் இருக்கு. ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும்.

மசாஜ் கன் பத்தி ரெண்டு வரி. கழுத்து முன்பக்கம், பக்கவாட்டுல வைக்காதீங்க, மூளைக்குப் போற ரத்தக் குழாய் அங்க இருக்கு. அடிபட்ட இடத்துல, எலும்பு மேல வைக்காதீங்க. சைக்கிள் ஓட்டிட்டு வந்து தொடையில மசாஜ் கன் போட்டுக்கிட்ட ஒரு இளம்பெண்ணுக்கு, மேல சொன்ன அதே ராப்டோமயோலிசிஸ் வந்ததை 2021-ல ஒரு மருத்துவ இதழ்ல பதிவு பண்ணியிருக்காங்க. அபூர்வம்தான். அதுக்காகத் தொடைக்கு அரை மணி நேரம் டிரில்லிங் போடலாம்னு ஆகாது.

"டாக்டர், பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் தனியா மசாஜ் ஆள் வெச்சிருக்காங்களே?" வெச்சிருக்காங்க. கூடவே ஃபிசியோ, டயட்டீஷியன், டாக்டர், குளிரூட்டின அறையில ஒன்பது மணி நேரத் தூக்கம் எல்லாம் வெச்சிருக்காங்க. ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம் ஆடணும்னா அந்த 13 சதவீதமும் அவங்களுக்குப் பெரிசு. நீங்க அந்தக் கடைசி ஐட்டத்தை மட்டும் எடுத்துட்டு வந்து, மத்த எதுவும் இல்லாத பையன் மேல வைக்கிறீங்க.

"இது நம்ம பாட்டன் முப்பாட்டன் வைத்தியம், இங்கிலீஷ் டாக்டருக்கு என்ன தெரியும்?" இதுவும் வரும். சித்த மருத்துவத்துல இதுக்குத் தொக்கணம்னு பேர். தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல்னு ஒன்பது வகையாப் பிரிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி முழங்கையால ஏறி அழுத்தணும்னா எதுக்கு ஒன்பது வகை? எங்க ஊர்ல ஒரு சிலம்ப ஆசான் இருந்தார். அடிபட்டு வீங்கின இடத்துல மூணு நாளைக்குக் கையே வைக்க மாட்டார், "கோவம் தணியட்டும்"பார். அவர் லாக்டிக் ஆசிட்ங்கிற வார்த்தையை வாழ்நாள்ல கேட்டிருக்க மாட்டார். பாட்டன் பேரைச் சொல்லி இன்ஸ்டாகிராம்ல விக்கிறவங்களுக்குத்தான் அந்த வார்த்தை தேவைப்படுது.

எனக்கு இன்னொரு கோபமும் இருக்கு. அது காசு.

ஒரு "ரெகவரி செஷன்" விளம்பரம் பார்த்தேன், 1,500 ரூபாய். கிராமத்துல இருந்து வந்து பயிற்சி மையத்துல தங்கிப் படிக்கிற பையன், வீட்ல கேட்டு அதைக் கட்டறான். அவன் என்ன சாப்பிடறான்னு கேட்டா காலையில ரெண்டு தோசை, மதியம் ரசம் சோறு. அதே 1,500 ரூபாய்க்குத் தினம் மூணு முட்டை வீதம் ரெண்டு மாசம் ஓட்டலாம். கடுமையாப் பயிற்சி எடுக்கிறவருக்கு உடல் எடையில ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதம் வேணும். 60 கிலோ பையனுக்கு 96 கிராம். முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், நிலக்கடலை, பருப்பு, மீனுன்னு தேத்திக்கணும். ரசம் சோத்துல அது வராது. சோறும் குறையக் கூடாது, தசையில தீர்ந்து போன எரிபொருளை நிரப்புறதே அந்த மாவுச்சத்துதான்.

ராத்திரி 12 மணி வரைக்கும் போன், காலையில 5 மணிக்கு கிரவுண்ட். அஞ்சு மணி நேரத் தூக்கத்துல எந்தத் தசை ஆறும்? இதைச் சொன்னா யாருக்கும் பிடிக்கிறதில்லை, ஏன்னா இதுல விக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை.

பயிற்சியை ஏத்துறதுலயும் ஒரு முறை இருக்கு. முதல் நாள் 20 தோப்புக்கரணம் போட்டவன் ஒரு வாரம் கழிச்சு அதையே போட்டா வலி பாதி கூட இருக்காது. ஒரு தடவை லேசா அடிவாங்கின தசை அடுத்த தடவைக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கும். எந்த மசாஜும் பண்ண முடியாத வேலை இது. படிப்படியா ஏத்துங்க. தண்டனையா உடற்பயிற்சி கொடுக்கிற வழக்கத்தை முதல்ல நிறுத்துங்க. பள்ளிக்கூட பி.இ.டி. மாஸ்டர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்களைத்தான் சொல்றேன் சார்.

எப்ப வெறும் பயிற்சி வலி, எப்ப ஆபத்து? பயிற்சி வலி மறுநாள் வரும், அசைய அசையக் கொஞ்சம் விடும், மூணாம் நாளுக்கு மேல குறையும். வலி நாளுக்கு நாள் கூடினா, தசை வீங்கி இறுகினா, கையை மடக்கவோ படி ஏறவோ பலமே இல்லாமப் போனா, சிறுநீர் டீ, காப்பி, கோலா நிறத்துல போனா, இல்லை ரொம்பக் குறைஞ்சா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. வலி மாத்திரையும் ஊசியும் போடாதீங்க. "எப்ப, என்ன பயிற்சி செஞ்சேன்"னு டாக்டர்கிட்ட சொல்லி, சிகே, கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்லை. எங்க ஆளுங்களே சில நேரம் இதை யூரின் இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிடறாங்க.

அந்தப் பையன் டிஸ்சார்ஜ் ஆன வாரம் அந்தப் பயிற்சியாளரை வரச் சொன்னேன். சண்டை போடத்தான் கூப்பிட்டேன். ஆள் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசலை. "எங்க மாஸ்டர் எங்களுக்கு இப்படித்தான் சார் செஞ்சார்"னார். அதுக்கு மேல திட்ட எனக்கு வாய் வரலை.

இப்ப அங்க புதுசா வர்றவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் தோப்புக்கரணம் கிடையாது. மசாஜ் இருக்கு, ஆனா லேசா. கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கார். நாலு கட்டம், நாலு நிறம், கடைசிக் கட்டம் கட்டங்காப்பி. அதுக்குக் கீழ 108-ம் என் நம்பரும். இதுவரைக்கும் ரெண்டு பசங்க கூப்பிட்டாங்க. ஒருத்தன் வெயில்ல ஓடிட்டுத் தண்ணி குடிக்கலை, அவ்வளவுதான். இன்னொருத்தன் முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தான்.